பதின்மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்க் காரும் பெடல் கழற்றிய சைக்கிளும்

என் மகனுக்கு இரண்டு வயது நிறைந்த நாளில் அவனுக்கு வாங்கிக் கொடுத்த பேட்டரி காரின் விலை 13,500 ரூபாய். அவன் அதில் மனம் விரும்பி உட்கார்ந்திருந்த நேரத்தை முழுவதுமாகக் கூட்டினாலும் ஐந்து நிமிடத்தைத் தாண்டாது. அந்தக் காருக்குப் பின் ஒரு மூன்று சக்கர சைக்கிள், அதற்குப் பின் ஒரு பெரிய சைக்கிள் என்று ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் பணத்தையும் பிள்ளையின் தைரியத்தையும் சேர்த்தே இழந்தேன். கடைசியில் 900 ரூபாய்க்குக் கிடைத்த ஒரு பழைய சைக்கிளில்தான் அவன் ஓட்டப் பழகினான். முதல் வண்டி வாங்கும் முன்பே யாராவது என்னை உட்கார வைத்து நாலு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்ற ஆதங்கம் இன்னும் தீரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது கும்பகோணத்திலிருந்து சற்றுத் தள்ளி, அரசலாற்றை ஒட்டிய ஒரு கிராமத்தில். கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை. வீட்டில் நான், மகன், மாமியார் என்று மூவர் மட்டுமே. பிறந்தநாளுக்கு ஒரு வாரம் முன்பு அவர் பேசும்போது, "தம்பிக்கு எவ்வளவு ஆனாலும் பரவாயில்ல, நல்லதா ஒண்ணு வாங்கு" என்றார். ஊரில் இல்லாத அப்பாக்களின் அன்பு பெரும்பாலும் பெரிய அட்டைப் பெட்டியில்தான் வந்து இறங்கும். எங்கள் பக்கத்தில் தெருவுக்கு நாலு வீட்டில் அந்தப் பெட்டியைப் பார்க்கலாம். டவுனில் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு பொத்தானை அழுத்தினார்; சிவப்புக் கார் ஒன்று விளக்கு எரியப் பாட்டுப் பாடிக்கொண்டு தானாகவே என் காலடிக்கு வந்து நின்றது. 12 வோல்ட் பேட்டரி, இரண்டு மோட்டார், ரிமோட், சீட் பெல்ட் என்று அவர் அடுக்கினார். பிள்ளைக்கு என்ன வயது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று பெட்டியில் அச்சிட்டிருந்ததை வீட்டில் பெட்டியைப் பிரிக்கும்போதுதான் பார்த்தேன். வளரும் பிள்ளைதானே, ஒரு வருடம் முன்னே பின்னே இருந்தால் என்ன என்று அட்டையை மடித்து மாட்டுக் கொட்டகையில் போட்டேன்.

அன்று மாலை தெருவே கூடியிருந்தது. மகனைக் காரில் உட்கார வைத்து பெல்ட்டைப் போட்டேன். இடது கையில் ரிமோட், வலது கையில் அவன் அப்பாவுக்கு அனுப்புவதற்காக வீடியோ எடுத்துக்கொண்டிருந்த கைபேசி. முதல் இரண்டு நிமிடம் நான்தான் ரிமோட்டில் ஓட்டினேன். அவனும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். பிறகு அவன் கால் எதேச்சையாகக் கீழே இருந்த மிதியில் பட்டது. கார் வெடுக்கென்று முன்னால் பாய்ந்தது. பயந்துபோன பிள்ளை காலை எடுக்கவில்லை. உடம்பை விறைத்துக்கொண்டு இன்னும் அழுத்தி மிதித்தான். நான் கைபேசியை விடுவதா, ரிமோட்டில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தடுமாறி முடிப்பதற்குள் கார் எதிர்வீட்டுத் திண்ணைப் படியில் மோதி நின்றது. அவன் வாய் ஸ்டியரிங்கில் இடித்துக் கீழுதடு கிழிந்துவிட்டது. அவ்வளவு நடந்தும் அந்தக் கார் பாட்டை மட்டும் நிறுத்தவில்லை. அந்த வீடியோ இன்றும் என்னிடம் இருக்கிறது. கடைசி நான்கு நொடிகளில் வானமும் என் அலறலும் மட்டுமே பதிவாகியிருக்கின்றன. தையல் தேவைப்படவில்லை. ஆட்டோ, மருத்துவர், மருந்து எல்லாம் சேர்த்து 700 ரூபாய் ஆனது.

இத்தகைய கார்கள் மணிக்கு மூன்று முதல் ஐந்து கிலோமீட்டர் வேகத்தில்தான் போகும், அதாவது பெரியவர் ஒருவர் நடக்கும் வேகம். ஆபத்து வேகத்தில் இல்லை. பெரும்பாலான மாதிரிகளில் தனியாக பிரேக் என்று ஒன்று கிடையாது. மிதியிலிருந்து காலை எடுத்தால் வண்டி நிற்கும் என்பதே ஏற்பாடு. பெரியவர்களுக்கு இது எளிது. இரண்டு வயதுப் பிள்ளைக்கோ பயம் வந்தால் கால் விறைக்கும், விறைத்தால் மிதி அழுந்தும், அழுந்தினால் வண்டி இன்னும் ஓடும். அதாவது நிறுத்த வேண்டிய நேரத்தில்தான் அவனால் நிறுத்த முடியாது. இதை வாங்கத்தான் வேண்டும் என்றால் மூன்று வயது முடிந்த பிறகு வாங்குங்கள். மெதுவாகக் கிளம்பும் வசதியும் வேகத்தைக் குறைக்கும் சுவிட்சும் இருக்கின்றனவா என்று கடையிலேயே ஓட்டிப் பார்த்துக் கேளுங்கள். மிதியைச் செயலிழக்கச் செய்து ரிமோட்டில் மட்டும் ஓட்ட முடியுமா என்றும் கேளுங்கள். சில மாதிரிகளில் அந்த வசதி உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, ரிமோட் இருக்கும் கையைத் தவிர மற்றொரு கை வெறும் கையாக இருக்கட்டும்.

பிறகு வந்த மாதங்கள்தான் உண்மையில் கொடுமை. காரைக் கண்டாலே என் சேலைக் கொசுவத்தைப் பிடித்துக்கொள்வான். அந்தச் சின்னக் கை வியர்த்து, விட்டபின் பார்த்தால் சேலையில் ஈரம் இருக்கும். என் நாத்தனார் மகன் ஒருநாள் கூடத்தில் அந்தப் பாட்டைப் போட்டுவிட, இவன் கொல்லைப்புறம் ஓடிக் கிணற்றடியில் போய் நின்றான். காரிலிருந்து சாவியை எடுத்துப் பூஜை அறையில் வைத்துவிட்டேன். ஸ்கூட்டியின் முன்னால் நிற்கவும் மறுத்தான். மருத்துவமனைக்குப் போவதென்றாலும் ஆட்டோ பிடிக்க வேண்டியதாயிற்று. ஒரு வளைகாப்பு வீட்டில் உறவுக்காரப் பெண்மணி ஒருவர் எல்லோர் முன்னிலும், "ஆம்பளப் புள்ள இப்படிப் பயந்தாங்கொள்ளியா இருந்தா எப்படி" என்றார். அவன் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான். அந்தச் சொல்லின் பொருள் அவனுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை, ஆனால் அது தன்னைப் பற்றியது என்று தெரிந்திருந்தது. நான் அன்று பதில் சொல்லாமல் வந்துவிட்டேன், சொல்லியிருக்க வேண்டும். பயந்த பிள்ளையைப் பயந்த பிள்ளை என்று நாலு பேர் முன்னால் சொல்லிச் சொல்லித்தான் நாம் அதை அவனுடைய பெயராக்கிவிடுகிறோம்.

ஐந்து மாதம் கழித்து, விற்றுவிடலாம் என்று காரை வெளியில் எடுத்தால் அது அசையவில்லை. எலக்ட்ரிக் கடையில் மீட்டர் வைத்துப் பார்த்தார்கள். 12 வோல்ட் காட்ட வேண்டிய பேட்டரி 4 வோல்ட் காட்டியது. இந்தக் கார்களில் பெரும்பாலும் இருப்பது இன்வெர்ட்டரில் உள்ளதைப் போன்ற ஈய அமில பேட்டரிதான், அளவில் சிறியது. இறங்கிய நிலையில் கிடந்தால் உள்ளே ஈயத் தகடுகளில் படிவம் கட்டி, பிறகு எவ்வளவு சார்ஜ் செய்தாலும் ஏறாது. ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் மாதம் ஒருமுறையாவது முழுதாக சார்ஜ் செய்ய வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. புதிய பேட்டரிக்கு 1,600 ரூபாய் கொடுத்தேன். எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் சார்ஜ் செய்தால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஓடும் வண்டி இது என்பதையும், சிமெண்ட் தரையில் ஓடும் அந்தப் பிளாஸ்டிக் சக்கரங்கள் எங்கள் தெரு மண்ணில் வெறுமனே சுற்றும் என்பதையும் வாங்குபவர்கள் கணக்கில் கொள்வது நல்லது.

அடுத்த தவறு மூன்று சக்கர சைக்கிள். கோயில் திருவிழாக் கடையில் 2,400 ரூபாய்க்கு வாங்கினேன். மோட்டார் இல்லை, தானாக ஓடாது, ஆகவே பயம் வராது என்பது என் கணக்கு. அப்போது அவனுக்கு இரண்டரை வயது. பெடல் மிதிக்கும் கால் ஒத்திசைவு பிள்ளைகளுக்குப் பொதுவாக மூன்று வயதை ஒட்டித்தான் வருகிறது என்று பிறகு குழந்தை மருத்துவர் சொன்னார். அவனோ பெடல் மேலே நிற்கும்போது தள்ளத் தெரியாமல் பின்னோக்கி மிதித்து நின்ற இடத்திலேயே ஆடிக்கொண்டிருந்தான். அதையாவது பொறுத்திருக்கலாம், அவசரப்பட்டு நான் பின்னாலிருந்து தள்ளினேன். இவ்வகை சைக்கிள்களில் பெடல் முன்சக்கரத்தோடு நேராகப் பொருத்தப்பட்டிருக்கும் என்பதால், வண்டி நகர்ந்தால் பெடலும் சேர்ந்து சுற்றும். தள்ளிய வேகத்தில் பெடல் சுழன்று அவன் கணுக்காலில் அடித்தது. இன்னொரு நாள் திருப்பத்தில் வண்டி பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. மூன்று சக்கரம் என்றால் கவிழாது என்பது நம் கற்பனை, இருக்கை உயரமாகவும் பின்சக்கரங்கள் நெருக்கமாகவும் இருந்தால் வளைவில் அது இருசக்கர வண்டியைவிட எளிதாகக் கவிழும். கைப்பிடியின் ரப்பர் உறை ஒரே வாரத்தில் கழன்று உள்ளே கூர்மையான குழாய் தெரிந்தது. அப்போதுதான் அதில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று தேடினேன்; இல்லை.

அந்த முத்திரையைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். மத்திய அரசு 2020-இல் பிறப்பித்த பொம்மைகள் தரக் கட்டுப்பாட்டு ஆணை 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் விளையாடுவதற்கான பொம்மைகளில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தாக வேண்டும். மின்சாரம் அல்லது பேட்டரியில் இயங்குபவற்றுக்கு ஐ.எஸ். 15644, மற்றவற்றுக்கு ஐ.எஸ். 9873 என்று தர எண் முத்திரையின் மேல் இருக்கும், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். முத்திரை வழங்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்த உரிம எண்ணைக் கொடுத்தால் அது உண்மையானதா என்று கடையில் நின்றபடியே பார்த்துவிடலாம். ஆனால் எங்கள் பேட்டரி காரின் பெட்டியில் முத்திரை ஒழுங்காகவே இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பொருள் தரமானதா என்பதை முத்திரை சொல்லும். அது உங்கள் பிள்ளைக்கு ஏற்றதா என்பதை அவன் காலைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அவனுக்கு நான்கு வயது ஆகும் தறுவாயில் விடுப்பில் வந்த கணவர் 16 அங்குல சைக்கிள் ஒன்றை 5,200 ரூபாய்க்கு வாங்கினார். "பெருசா வாங்கினா நாலு வருஷம் வரும்" என்றார். சட்டையைப் பெரிதாக வாங்கி மடித்துத் தைத்துப் போடலாம்; சைக்கிளில் அது நடக்காது. இருக்கையை அடிமட்டத்துக்கு இறக்கியும் அவன் கால் விரல் நுனிகூடத் தரையைத் தொடவில்லை. பின்சக்கரத்தின் இருபுறமும் சின்னத் துணைச் சக்கரங்கள் இருந்ததால் விழமாட்டான் என்று நம்பினோம். எங்கள் தெரு நடுவில் மேடிட்டு இருபுறமும் சரிந்திருக்கும். மழைக்காலத்தில் டிராக்டர் போன தடம் வேறு பள்ளமாகக் காய்ந்து கிடக்கும். துணைச் சக்கரங்கள் இரண்டும் தடத்தின் இரு கரைகளில் ஏறி நிற்க, நடுவில் பின்சக்கரம் அந்தரத்தில் தொங்கிச் சும்மா சுற்றியது. பிள்ளை மிதிக்கிறான், வண்டி போகவில்லை, இறங்கவும் எட்டவில்லை. கணவர் பொறுமையிழந்து குரலை உயர்த்தினார். விடுப்பு முடிந்து அவர் கிளம்பிய அன்று சைக்கிள் திண்ணையில் சார்த்தியபடியே இருந்தது. மகன் அதன் பக்கம் திரும்பாமல் வழியனுப்பினான்.

அன்றிரவு மாமியாரிடம் புலம்பிக்கொண்டிருந்தேன். அவர் வெற்றிலையைத் தடவிக்கொண்டே, "நடைவண்டியத் தள்ளுனப்ப அவன் பயந்தானா? அவன் நின்னா அதுவும் நின்னுச்சு. நீங்க வாங்குன எதுவும் அவன் நின்னா நிக்கல" என்றார். இரண்டு ஆண்டுகளாக என் மண்டையில் ஏறாத ஒன்றை அவர் சுண்ணாம்பு தடவும் நேரத்தில் சொல்லிவிட்டார். உண்மைதான். பதினொரு மாதத்தில், பரணிலிருந்து இறக்கிய பழைய மர நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கும் வாசலுக்கும் நாள் முழுவதும் அலைந்த பிள்ளை இவன். சக்கரத்தின் மேல் அவனுக்குப் பயமே கிடையாது. தன்னால் நிறுத்த முடியாததன் மேல்தான் பயம்.

மறுநாள் காலையில் 16 அங்குல சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைத்தெருவில் உள்ள சைக்கிள் கடைக்குப் போனேன். ஒருகாலத்தில் மணிக்கணக்கு வாடகைக்கு சைக்கிள் விட்ட கடை. இப்போது பஞ்சர் ஒட்டுவதோடு சரி. கடைக்காரருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். முழுவதையும் கேட்டுவிட்டு, "பெரிய வண்டிய வீட்ல வைங்கம்மா, அடுத்த வருஷத்துக்கு ஆகும். இதுல கால ஊனச் சொல்லிக் குடுங்க" என்று மூலையில் கிடந்த 12 அங்குல பழைய சைக்கிளை எடுத்துத் துடைத்தார். விலை 900 ரூபாய். ஸ்பேனரை எடுத்து இரண்டு பெடல்களையும் கழற்றி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு என் கையில் கொடுத்தார். இடது பெடலின் மரை எதிர்ச்சுற்று. வழக்கம்போல் இடமாகச் சுற்றினால் கழலாமல் இன்னும் இறுகும், வலமாகச் சுற்றினால்தான் கழலும். வீட்டில் நீங்களே கழற்றுவதாக இருந்தால் இதை நினைவில் வையுங்கள்; பலர் இந்த இடத்தில்தான் மரையைக் கெடுத்துக்கொள்கிறார்கள். துணைச் சக்கரத்தையும் எடுத்துவிட்டார். சைக்கிள் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் கைப்பிடியைத் திருப்புவதுதான் விழாமல் ஓட்டும் வித்தை, துணைச் சக்கரம் சாயவே விடாது, சாயாத வண்டியில் பிள்ளை எதைக் கற்கும் என்று அவர் கேட்டது எனக்கு நன்றாகப் புரிந்தது. பெடல் இல்லாத சைக்கிளா என்று நான் உள்ளுக்குள் சிரித்ததும் உண்டு. ஆனால் 1817-இல் ஜெர்மனியில் கார்ல் டிரைஸ் ஓட்டிக்காட்டிய முதல் இருசக்கர வண்டியே காலால் உந்தி ஓடியதுதான், பெடல் வந்தது பல பத்தாண்டுகளுக்குப் பிறகு என்று படித்தபோது, என் பிள்ளை வரலாற்றை வரிசையாகத்தான் கற்கிறான் என்று சமாதானம் செய்துகொண்டேன். இப்போது பெடலே இல்லாமல் பேலன்ஸ் பைக் என்ற பெயரில் தனியாக விற்கிறார்கள். இரண்டு வயதுக்கே வாங்கலாம். சிறிய சைக்கிள் கிடைத்தால் பெடலைக் கழற்றினாலே போதும்.

அளவு எடுக்கும் முறையை அந்தப் பெரியவர்தான் சொன்னார். பிள்ளையைச் செருப்பில்லாமல் சுவரில் சாய்ந்து நிற்க வைத்து, இரு கால்களுக்கும் இடையில் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கிடைமட்டமாக மேலே வரை ஏற்றிப் பிடித்து, தரையிலிருந்து அதன் மேல் விளிம்பு வரை அளக்க வேண்டும். என் மகனுக்கு 43 சென்டிமீட்டர் வந்தது. இருக்கை அதைவிட இரண்டு சென்டிமீட்டர் தாழ்வாக, அதாவது 41-இல் இருந்தால் உட்கார்ந்தபடியே உள்ளங்கால் முழுவதும் தரையில் பதியும், முழங்காலும் லேசாக மடியும். கடையில் சைக்கிள் வாங்கும்போது சக்கர அங்குலத்தை மட்டும் கேட்காமல் இருக்கை எவ்வளவு தாழ இறங்கும் என்று டேப் வைத்துப் பார்த்து வாங்குங்கள். பிரேக் பிடியை உங்கள் சுண்டுவிரலால் அழுத்திப் பாருங்கள். உங்கள் சுண்டுவிரலுக்கே கடினமாக இருந்தால் நான்கு வயதுக் கைக்கு அது பிரேக் அல்ல, வெறும் அலங்காரம்.

பழகுவதற்கு இடம் தேடியது தனிக் கதை. தெரு சரிவு, ஆற்றங்கரைச் சாலை நேராக இருந்தாலும் ஒரு பக்கம் தண்ணீர். ஏப்ரல், மே மாதங்களில் வாய்க்கால் வறண்டு கிடக்கும்போது கரையில் விட்டால் என்ன என்று தோன்றும். மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்தால், அடுத்த சில நாட்களில் அதே வாய்க்கால் கரை தட்டி ஓடும்; பழகிய இடம் என்று பிள்ளை அங்கேதான் போவான். ஆகவே தண்ணீர்ப் பக்கம் வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்தேன். கடைசியில் கிடைத்தது நெல் கொள்முதல் நிலையத்தின் சிமெண்ட் களம். சம்பா அறுவடை முடிந்து மூட்டைகள் போனபின், குறுவை நெல் வரும்வரை அது காலியாகத்தான் கிடக்கும். வெயில் தாழ்ந்து ஐந்தரை மணிக்கு மேல் போவோம். அதற்கு முன் போனால் களத்துச் சூடு காலைப் பொசுக்கும். ஒருமுறை முழுதாகப் பெருக்கிவிடுவேன், ஏனென்றால் சிதறிய நெல்மணியின் மேல் சக்கரம் வழுக்கும் வழுக்கல் மணலைவிட மோசம்.

முதல் நான்கு நாட்கள் அவன் சைக்கிளில் ஏறவே இல்லை, நானும் ஏறச் சொல்லவில்லை. அதை மாட்டைப் பிடித்து நடத்துவதைப் போலப் பிடித்துக்கொண்டு களத்தைச் சுற்றி நடந்தான். நடக்கும்போதே பிரேக்கை அழுத்தினால் வண்டி நிற்கிறது என்பதை அவனே கண்டுபிடித்தான். அதன் பிறகு பத்தடிக்கு ஒருமுறை நிறுத்தி நிறுத்தி விளையாடினான். ஓட்டுவதற்கு முன் நிறுத்தக் கற்றது தற்செயல்தான், ஆனால் இன்றைக்கு வேறொரு பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதாக இருந்தால் நான் வேண்டுமென்றே அங்கேதான் தொடங்குவேன். ஐந்தாம் நாள் உட்கார்ந்து வாத்து நடப்பதைப் போல நடந்தான். நான் கைப்பிடியைப் பிடிக்கவில்லை. பெரியவர்கள் கைப்பிடியைப் பிடித்தால் பிள்ளைக்குத் திருப்பும் உணர்வே கிடைக்காது. பிடித்தே ஆகவேண்டும் என்றால் முதுகிலோ அக்குளிலோ லேசாகக் கை வைத்தால் போதும். நாளொன்றுக்குப் பத்து, பதினைந்து நிமிடம்தான். இன்னும் ஒரு சுற்று என்று அவன் கேட்கும்போதே வீட்டுக்குக் கிளம்பிவிடுவேன். அழுகையில் முடிகிற பயிற்சிக்கு மறுநாள் பிள்ளை வராது என்பதை 13,500 ரூபாய் கொடுத்துக் கற்றவள் நான்.

இரண்டாவது வாரத்தில் ஒருநாள், நடை ஓட்டமாகி, ஓட்டத்தின் நடுவே அவன் இரு கால்களையும் தூக்கினான். இரண்டு நொடி இருக்கலாம். கால் விரல்கள் இரண்டு பக்கமும் விரிந்து அந்தரத்தில் நின்றன. சக்கரம் சிமெண்டில் உருளும் ஓசையைத் தவிர வேறு சத்தமில்லை. கால் ஊன்றி நின்றதும் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. குனிந்து சக்கரத்தைப் பார்த்தான். பிறகு மறுபடியும் தூக்கினான். எனக்கு அழுகை வந்தது. கைபேசி வீட்டில் இருந்தது. ஒரு மாதத்தில் களத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கால் படாமல் போகத் தொடங்கினான். அதன் பிறகே பெடலைப் பொருத்தச் சொன்னார் கடைக்காரர். பெடல் மிதிக்க அவனுக்கு ஆன காலம் ஒரே மாலை. ஆடிப்பெருக்கு அன்று மற்ற பிள்ளைகளோடு சப்பரத்தட்டி என்னும் சின்னத் தேரை இழுக்கப் போனவன், அதைச் சைக்கிளின் பின்னால் கட்டிவிடச் சொல்லி அடம் பிடித்தான். கயிறு சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும் என்று நான் மறுத்துவிட்டதால் அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை.

விழுந்ததும் உண்டு, மறைப்பானேன். மூன்று முறை முழங்கால் சிராய்ந்தது. ஹெல்மெட்டை முதல் நாளிலிருந்தே போட்டுவிட்டேன்; புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளியில் நேராக அமர வேண்டும், பின்னால் சாய்த்துத் தொப்பிபோல் மாட்டினால் பயனில்லை. வெறுங்காலும் செருப்பும் இதற்கு ஆகாது, காலால் உந்தி நிறுத்தும்போது விரல் தேயும். மூடிய காலணி வேண்டும். பெண் பிள்ளையானால் பாவாடையைச் செருகிவிடுவது போதாது, கால்சட்டை போட்டு அனுப்புங்கள்; சங்கிலி துணியை இழுக்கும்.

என் தங்கை தன் பத்து மாதப் பெண்ணுக்குச் சக்கரம் வைத்த உட்கார்ந்து நடக்கும் வாக்கர் வாங்கப் போவதாகச் சொன்னபோது நான் விடவில்லை. அதில் உட்கார்ந்த பிள்ளை நாம் திரும்புவதற்குள் படிக்கட்டுக்கும் அடுப்பங்கரைக்கும் போய்விடும். கனடாவில் 2004-லேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள். எங்கள் மர நடைவண்டியையே துடைத்துக் கொடுத்தனுப்பினேன். அதிலும் ஒன்று கவனிக்க வேண்டும்: மண் தரைக்காகச் செய்த வண்டி அது, இன்றைய டைல்ஸ் தரையில் சக்கரம் வழுக்கிக்கொண்டு பிள்ளைக்கு முன்னால் ஓடிவிடும். பழைய சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டிச் சக்கரத்தில் சுற்றி ஒட்டினேன். இப்போது அவள் நின்றால் அதுவும் நிற்கிறது.

16 அங்குல சைக்கிளை ஐந்து வயதில் எடுத்துக்கொண்டான், அது வீணாகவில்லை. மற்றவற்றைக் கூட்டினால் கார், மருத்துவம், பேட்டரி, மூன்று சக்கர வண்டி என்று 18,200 ரூபாய். காரை விற்று 4,000 கிடைத்தது. வலங்கைமான் பக்கத்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். இடுப்பில் இரண்டு வயதுப் பெண் குழந்தை, கொலுசை ஆட்டிக்கொண்டு காரையே பார்த்துக்கொண்டிருந்தது. மூன்று வயது ஆகட்டும் என்றேன். அதுவரை சாவியைப் போடாமல் அப்படியே நிறுத்தி வைத்து ஏறி இறங்கி விளையாட விடுங்கள், மாதம் ஒருமுறை சார்ஜ் செய்யுங்கள், பயந்தால் கால் விறைக்கும், விறைத்தால் வண்டி பாயும் என்று நடந்ததை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். அந்தப் பெண் கவனமாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கணவர் குழந்தையைத் தூக்கி இருக்கையில் வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்துக்கொண்டே கேட்டார்: "அக்கா, ரிமோட் வேலை செய்யும்ல?"